பந்து குழிக்குள் விழும்வரை

கோல்ஃப் பற்றிப் பின்னாளில் இரண்டு தடித்த புத்தகங்கள் வாசித்திருக்கிறேன். விளையாடியதில்லை, குனிந்தால் நிமிர்த்திவிட ஓர் ஆள் வேண்டும். ஆனால் அந்த விளையாட்டை நான் முதலில் கற்றுக்கொண்டது எங்கள் ஆடு காணாமற்போன அன்றுதான்.

சண்டைக் காலம். திருகோணமலைத் துறைமுகத்துக்கு மேலே, மேட்டுநிலத்தில், முட்கம்பி வேலிக்குள் ஒரு கோல்ஃப் கிளப் இருந்தது. படை அதிகாரிகளுக்கு மட்டுமானது. கச்சான் காற்றில் ஊரே காய்ந்து புழுதியாய்க் கிடக்கும்போது, அங்கே குழிகளைச் சுற்றி மட்டும் பவுசர் வண்டியில் கொண்டுவரும் தண்ணீரில் புல் பச்சையாய் நிற்கும். இதை முதலில் கண்டுபிடித்தது எங்கள் ஆடு. கம்பிக்குக் கீழால் நுழைந்துவிட்டது.

கடைகளில் பால்மா இல்லை. கைக்குழந்தையான தம்பிக்கு அந்த ஆட்டுப்பால்தான்.

"போனது போகட்டும். அதுக்குள்ள ஆர் போறது?" என்றார் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த அப்பா.

"அப்ப பிள்ளைக்கு நீங்களே பால் குடுங்கோ" என்றார் அம்மா.

அப்பா உடுப்பை மாற்றினார். பிள்ளையோடு போகிறவனைச் சந்தேகிக்கமாட்டார்கள் என்று என்னையும் கூட்டிக்கொண்டார்.

வாசலில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள். தூரத்துக் குழியருகே ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் அதிகாரி பந்தின்மேல் குனிந்து நின்றார். நாங்கள் கிட்டப் போனதும், அவருடைய பையைச் சுமந்து நின்ற சிப்பாய் திரும்பி, "ஏய், அசைய வேணாம்!" என்றான்.

பந்தைத் தட்டும்போது பக்கத்தில் யாரும் அசையக்கூடாது. அது அந்த விளையாட்டின் மரியாதை. அப்பாவுக்கு அது தெரியாது. சிப்பாய் அப்படிச் சொன்னால் எங்கள் ஊரில் என்ன செய்யவேண்டும் என்பது தெரியும். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினார்.

அதிகாரி தட்டினார். பந்து விலகிப் போனது. நடந்துபோய் மறுபடி குனிந்தார். மறுபடியும் விலகியது. அப்பா கைகளை இறக்கவில்லை. ஆடு அவசரமில்லாமல் மென்றது. ஒருவழியாகப் பந்து விழுந்தபின் நிமிர்ந்த அதிகாரி, அப்பாவைக் கண்டு திகைத்துப்போனார். கைகளை இறக்கச் சொல்லிவிட்டு, ஆட்டின் கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டுவந்து கொடுத்தார்.

"தங்கமான மனுசன். கதிரை போட்டு இருத்தியெல்லோ கதைச்சவர்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அங்கே நாற்காலி எதையும் நான் காணவில்லை. அப்பாவுக்கு ஞாபகமறதி என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த பிள்ளைகளுக்குக் கோல்ஃப் சொல்லிக்கொடுத்தேன். புதைத்த சிரட்டை குழி, தேசிக்காய் பந்து. பந்து விழும்வரை ஒருவர் கைகளை உயர்த்தி நிற்கவேண்டும். மற்றவர்கள் மறுத்ததால் நானே நின்றேன். கந்தோர் வேலை முடிந்து வந்த அப்பா சைக்கிளைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"கையை இறக்கு."

"ஏலாது அப்பா. இன்னும் விழேல்ல."

அவர் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. நேரில் நின்று பார்த்தும் இவ்வளவு சின்ன விதி மனதில் பதியவில்லையே என்று எனக்கு அவர்மேல் கொஞ்சம் இளக்காரம்.