தோற்பதற்காகக் கேட்ட விலை

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். தூரித்துக்கு மடியில் ஒன்றுமே கிடையாது, பயம் மட்டும் மலையளவு. பெர்கன் நகரத்தில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் பதினாறு வருடமாக நானும் அவளும் எதிரெதிரே நின்று படுக்கை விரிப்பு மடிக்கிறோம். எங்கேயாவது அழைப்புமணி அடித்தால் போதும், விரிப்பு என் கையிலிருந்து வெடுக்கென்று இழுபடும்.

காரணம் இருக்கிறது. அவளுக்கு இருபது வயதானபோது வட்டி ஏறி, அவள் அப்பா வாங்கிய வீடு ஏலத்துக்குப் போனது. அந்தக் கடைசி மாதங்களில் யார் மணி அடித்தாலும் அம்மா விளக்கை அணைத்துவிடுவாராம். வந்தவர் போகும்வரை நான்கு பேரும் சமையலறைத் தரையில் சத்தமில்லாமல் படுத்துக் கிடப்பார்களாம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? சொந்த வீடு என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள்.

அதனால் வாடகைதான். முப்பத்து நான்கு வருடத்தில் பதினொரு வீடு. ஒரு வீட்டுக்காரர் விற்றார், ஒருவர் விவாகரத்தாகித் தானே குடிவந்தார், ஒருவர் சுவரை இடித்துக் கட்டப்போகிறேன் என்றார். எல்லோரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள், இவளும் மரியாதையாகவே பெட்டி கட்டினாள். போன பிப்ரவரியில் பதினொன்றாவது வீட்டுக்காரர் ஹால்வர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். மகள் படிப்பு முடித்துத் திரும்பி வருகிறாள், அவசரமொன்றும் இல்லை, மே கடைசிக்குள் காலி செய்தால் போதும் என்றார். மறுநாளிலிருந்து தூரித் மதிய ரொட்டியைப் பொட்டலம் பிரிக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனாள்.

நான் விடவில்லை. வங்கிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடன் தருகிறோம் என்று கடிதம் கொடுத்தார்கள். மலைச்சரிவில் நூற்று நாற்பது படி ஏறிப்போனால் இரண்டு அறையில் ஒரு சின்ன வீடு, இருபத்து நான்கு லட்சம் குரோனர் என்று போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கொட்டுகிற மழையில் போய்ப் பார்த்தோம். கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்காமல் சுற்றி வந்தவள், சமையலறை ஜன்னலருகே மட்டும் நெடுநேரம் நின்றாள்.

மறுநாள் பதினொரு மணிச் சாப்பாட்டு இடைவேளையில் கைபேசியில் தன் விலையைக் குறித்து அனுப்பினாள். எங்கள் நாட்டில் வீட்டுக்கு ஏலம்போலத்தான் விலை கேட்பார்கள், கேட்ட விலையிலிருந்து பின்வாங்க முடியாது. நாம் குறித்த கெடுவுக்குள் விற்பவர் சரியென்றால், வீடு நம் தலையில். பன்னிரண்டரை வரை கெடு வைத்து இருபத்திரண்டு லட்சம் என்று போட்டிருந்தாள். இவ்வளவு குறைத்தா என்று கேட்டேன்.

"யாராவது மேல கேட்பாங்க, வென்கே. அதோட உன் நச்சரிப்பும் விட்டுது. நானும் முயற்சி பண்ணேன்னு சொல்லிக்கலாம்."

தோற்பதற்கென்றே விலை கேட்டிருக்கிறாள்! வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் அன்றுதான் ஒரு துண்டு ரொட்டி சாப்பிட்டாள்.

பன்னிரண்டு ஆனது. யாரும் மேலே கேட்டதாகச் செய்தி வரவில்லை. பத்து நிமிடம் பொறுத்து, வீட்டை விற்றுத்தரும் தரகர் ஸ்டியானைக் கூப்பிட்டாள். அந்தப் பையன் உற்சாகமாகச் சொன்னான்: வேறு யாருமே கேட்கவில்லை, நீங்கள் ஒருவர்தான். மழையும் அந்தப் படிகளும் மற்றவர்களை விரட்டியிருக்க வேண்டும். தூரித் விரிப்பைப் போட்டுவிட்டுத் தேய்ப்பு எந்திரத்துக்குப் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"வட்டி ஏறுனா? முதுகு போய் வேலைக்கு வர முடியலன்னா? அப்ப யாருடீ கட்டுவா?"

உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. வாங்கு வாங்கு என்று உயிரை எடுத்தவள் நான். நாளைக்கு ஒன்று ஆனால் இவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

பன்னிரண்டு இருபத்தாறுக்குக் கைபேசி அதிர்ந்தது. அவள் அதை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கி ஒலிபெருக்கியைப் போட்டேன். விற்பவர் அந்த விலைக்குத் தரமாட்டாராம், இருபத்து மூன்று லட்சம் என்றால் தருவாராம்.

"நீங்க கேட்ட விலை இதோட செல்லாது," என்றான் ஸ்டியான். "உங்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லீங்க. தாராளமா விலகிக்கலாம்."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அத்தனை மாதம் அவளை விரட்டிய நானே நன்றி சொல்லிப் பேச்சை முடிக்கப் பார்த்தேன். தூரித் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இவரும் மரியாதையாத்தான் சொல்றாரு பாரு," என்றாள். "பதினோரு தடவை விலகியாச்சு. இனி எங்கடீ போய் விலகறது?"

பிறகு கைபேசியின் பக்கம் குனிந்து, இருபத்து மூன்றுக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றாள். எழுத்தில் அனுப்புங்கள் என்றான் அவன். இரண்டு தடவை தப்பாக அடித்தாள். நான் அடித்துத் தருகிறேன் என்று கை நீட்டினேன்.

தலையை ஆட்டி மறுத்தாள். உதடெல்லாம் வெளுத்துப்போய், மூன்றாம் தடவை எண்ணெண்ணாகப் பார்த்து அவளே அடித்து அனுப்பினாள்.