தரகர் வீட்டுப் பூனை

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் தரகர். கட்டியையும் புற்றையும் உண்டாக்கும் வைரஸ்கள் எந்தெந்த விலங்கில் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று என்ன முறை வேண்டும் என்று மரபணுக்களை அடுக்கி ஒப்பிட்டுச் சொல்வது அவள் வேலை. ஆஸ்திரேலியாவின் கோலா கரடியினுடைய வைரஸும் கடல் தாண்டிய கிப்பன் குரங்கின் வைரஸும் நெருங்கிய பங்காளிகள். பூனைக்கு ரத்தப் புற்று தரும் வைரஸுக்கோ பூர்வீகம் எலி. "எலிக்கும் பூனைக்குமே சம்பந்தம் பேசி முடிச்சிட்டீங்க, உங்களுக்கு ஒண்ணு பாத்துக்கக் கூடாதா?" என்பான் பக்கத்து மேசைக்காரன். ஐம்பதைத் தாண்டிய அவளும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்து வைப்பாள். பாவி, வருஷக்கணக்காக அதே கேலிதான்.

வீட்டில் யார் யார் என்று கேட்டால் மட்டும் அவளுக்குக் கூசாமல் பொய் வரும். தம்பி குடும்பம் வாராவாரம் வரும், வீடே இரண்டுபடும் என்பாள். தம்பி அதே ஊரில்தான் இருந்தான். அம்மா போன பிறகு அவன் வருவது குறைந்து, பிறகு நின்றே போனது. சண்டை ஒன்றுமில்லை. சண்டை என்றாலாவது சமாதானம் பேசப் போகலாம்.

குளியலறை ஜன்னல் வழியாக வந்து ஒட்டிக்கொண்ட சாம்பல் நிறப் பூனை திடீரென்று சாப்பாட்டை வெறுத்தது. கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். ரத்தம் எடுத்துக்கொண்டே டாக்டரம்மா வீட்டைப் பற்றி விசாரித்தார். பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

"தம்பி பொண்ணு எப்பவும் என் வீட்டுலதான். அத்தைன்னா உயிர். அவ பூனையையும் தூக்கிக்கிட்டே வந்துடுவா."

சோதனையில் தெரிந்தது அதே ரத்தப் புற்று வைரஸ். அதன் ஏழு தலைமுறையையும் ஒப்பிக்கக் கூடியவள், "பொழச்சுக்குமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

"மருந்து குடுத்தா இப்ப எந்திரிச்சிரும். நல்லாப் பாத்துக்கிட்டா சில வருஷம்கூட இருக்கும். ஆனா நக்குறது, ஒரே தட்டுல சாப்பிடுறதுன்னு மத்த பூனைக்குத் தொத்திக்கும். காப்பகத்துல சேர்க்க மாட்டாங்க. வேற பூனை வராத வீடா இருக்கணும். உங்க வீடு சரிப்படாதே. வலி தெரியாம ஊசி போட்டு நிரந்தரமாத் தூங்க வெச்சுடலாமா?"

பூனை கூடைக்குள்ளிருந்து அவளையே பார்த்தது.

"அவ வரமாட்டா டாக்டர்."

"சொந்தத் தம்பி பொண்ணை எப்படி வராதேன்னு சொல்லுவீங்க?"

"சொல்லவே வேணாம். யாருமே வர்றதில்ல. அம்மா போனதுக்கப்புறம் என் வீட்டுக்கு யாரும் வந்ததில்ல. நான் சும்மா சொன்னேன்."

வெளியாள் ஒருவரிடம் இதை அவள் சொன்னதே இல்லை. காது மடல் சுட்டது, தலையை நிமிர்த்த முடியவில்லை. டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது.

"அப்பக் கவலையே இல்ல. இதுக்கு உங்க வீட்டை விட நல்ல வீடு கிடைக்காது, தூக்கிட்டுப் போங்க."

நல்ல செய்திதான். கூடையோடு வெளியே வந்தவள், மருத்துவமனைப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.