அக்கரையின் விலாசம்

ரெகீனாவின் ஊராட்சி பணக்கார ஊராட்சி. காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. தலைநகர் வார்சா எந்த மாகாணத்தில் இருக்கிறதோ அதே மாகாணத்தில் எங்கள் மணல் காடும் இருக்கிறது. பிரஸ்ஸல்ஸிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் அனுப்பும் வளர்ச்சிப் பணத்தை மாகாணத்தின் சராசரி வருமானம் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். வார்சாவின் வங்கிக்காரனையும் எங்கள் ஊர்ப் பால்காரனையும் கூட்டி இரண்டால் வகுத்தால், பால்காரனும் கோட்டு போட்டுக்கொண்டு நிற்பான். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். பூக் ஆற்றின் தென்கரையில் இருக்கும் எங்களுக்கு அக்கரை நிஜமாகவே பச்சை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு மாகாணம். ஏழை மாகாணம் என்று பெயர் வாங்கிவிட்டதால் அதற்குத் தனிப் பானை, தனிச் சோறு.

ரெகீனா ஊராட்சி அலுவலகத்தில் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. இப்போது ஐம்பத்தாறு. யார் எந்த வீட்டில் குடியிருக்கிறார்கள் என்று பதிவு செய்யும் ஜன்னல் அவளுடையது. போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு, நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. பத்தொன்பது விண்ணப்பம் எழுதி நான்கு தேறியது. ஒரு பேருந்து நிழற்குடை வந்தது. பேருந்து மட்டும் அடுத்த ஆண்டே நின்றுபோனது. ஊரில் யாரும் அதைச் சொல்லி அவளைக் குத்தியதில்லை. அவளாகவே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் கணவன் ஸெனெக் பால் லாரி ஓட்டினான். மார்ச் மாதம் ஒரு காலையில் லாரியில் ஏறும்போது பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரி அவனை வீட்டுக்கு அனுப்பியது. கை கால் பயிற்சிக்கு மாவட்டத் தலைநகரில் பதினெட்டு மாதம் வரிசை. மருத்துவர் போகிற போக்கில், "முதல் ஆறு மாசம்தாம்மா முக்கியம்" என்றார்.

அக்கரையில் ஒரு பகல்நேரப் பராமரிப்பு இல்லம் இருந்தது. தினமும் பயிற்சி, மதியம் சூடான சூப், வீட்டு வாசலுக்கே வண்டி. காசு கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை, அந்த மாகாணத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். ஸெனெக்கின் தங்கை லூத்மிவா அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

"அண்ணி, எங்க வீட்டு விலாசத்துல அண்ணனைப் பதிஞ்சிடு. நான் கையெழுத்துப் போடுறேன். பாலம் சுத்தி வந்தா அரை மணி நேரம். இதுக்கு என்ன யோசனை?"

"இங்கயே ஒண்ணு வரப்போவுது லூத்மிவா. நான்தானே எழுதுறேன்."

"நீ எழுதி, அவங்க படிச்சு, கட்டடம் கட்டி... இலவு காத்த கிளியாட்டம் உட்கார்ந்திரு போ."

ஆனால் ரெகீனாவின் நம்பிக்கையும் வெறும் ஆசை அல்ல. எங்கள் மாகாணமும் அந்த வசந்தத்தில் பராமரிப்பு இல்லங்களுக்குப் பணம் அறிவித்திருந்தது. இலையுதிர்காலத்தில் இடத்தை முடிவு செய்தால், பழைய பள்ளிக்கூடத்தில் புத்தாண்டுக்கே திறந்துவிடலாம். அதற்கு, மருத்துவச் சான்றிதழோடு பராமரிப்பு தேவைப்படுகிறவர்கள் குறைந்தது அறுபது பேர் அக்டோபர் கடைசி நாளில் ஊராட்சியில் பதிவாகி இருக்க வேண்டும். ரெகீனா வீடு வீடாக எண்ணினாள். எழுபத்து மூன்று பேர். ஸெனெக்கும் அதில் ஒருவன். ஊராட்சித் தலைவர் வித்தோல்த் மேசையைத் தட்டினார். "இந்தத் தடவை விட மாட்டோம் ரெகீனா! பணக்காரங்கன்னு சொல்லியே நம்மளப் பட்டினி போட்டானுங்க."

அப்படியிருக்க, விண்ணப்பம் எழுதுகிறவளே தன் புருஷனை ஆறு தாண்டிப் பதிவு செய்தால் ஊர் என்ன சொல்லும்? அதனால் ஸெனெக் இக்கரையிலேயே இருந்தான். அவள் காலையில் அவன் கையைப் பிசைந்துவிட்டு வேலைக்குப் போனாள், மாலையில் வந்து பிசைந்தாள். இணையத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டது.

ஜூனில் லொங்கீனா ஜன்னலுக்கு வந்தாள், ரெகீனாவின் பக்கத்துத் தெருக்காரி. அவள் அப்பாவுக்கும் அதே மார்ச்சில்தான் பக்கவாதம்.

"அப்பாவை எங்க பெரியம்மா வீட்டுக்கு மாத்தணும்."

"அக்கரையா?"

"அக்கரைதான். கோச்சுக்காதே ரெகீனா. அவரு சோறு கேக்கக்கூட வாய் வரல."

"கோவம் என்ன. படிவத்தை ரெண்டு பக்கமும் நிரப்பு."

புது விலாசம் பதிந்தால் பழையது தானாக விழுந்துவிடும். ரெகீனா முத்திரை குத்தினாள். எழுபத்து இரண்டு. ஜூலையில் நான்கு பேர். உருளைக்கிழங்கு தோண்டி முடித்த கையோடு இன்னும் பத்து. எல்லாருக்கும் அக்கரையில் ஒரு சித்தியோ மைத்துனனோ இருந்தார்கள். இல்லாதவர்களுக்கும் திடீரென்று முளைத்தார்கள். "கொஞ்சம் பொறுங்களேன், நம்ம ஊருக்கே வருது" என்று சொல்ல அவளுக்கு வாய் எழவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். அவர்கள் செய்தது தப்பென்று அவளால் நினைக்க முடியவில்லை. சரியென்றும் நினைக்கவில்லை. மை காய ஊதிவிட்டுக் காகிதத்தை நீட்டினாள்.

அக்டோபர் கடைசி நாள் மூன்று முறை எண்ணினாள். ஐம்பத்து எட்டு.

"அறுபதுன்னு போட்டுடேன்," என்றார் வித்தோல்த். "எவன் வந்து தலையை எண்ணப் போறான்?"

"கம்ப்யூட்டரே எண்ணிக்கும் தலைவரே. பதிவேட்டுலேர்ந்து நேரா எடுத்துக்குவாங்க."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பதில் இரண்டு வாரத்தில் வந்தது. தேவை நிரூபிக்கப்படவில்லை என்று ஒரே வரி. அக்கரை இல்லத்துக்கோ, தேவை கூடியிருப்பதால் இன்னொரு கூடம் கட்ட அந்த மாகாணம் பணம் ஒதுக்கியதாக உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி. அந்தக் கூடுதல் தேவை முழுவதும் ரெகீனா முத்திரை குத்தி அனுப்பியது. படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. பசித்தது. பீட்ரூட் சூப்பைச் சுடவைத்துக் குடித்தாள்.

மறுநாள் தன் ஜன்னலில் தானே உட்கார்ந்து ஸெனெக்கை லூத்மிவாவின் விலாசத்துக்கு மாற்றினாள். லூத்மிவா கையெழுத்துப் போட்டாள். இல்லத்தில் காத்திருப்போர் பட்டியல் இருந்தது. அதில் ஸெனெக்குக்கு முன்னால் ஒன்பது பெயர், ஒன்பதும் ரெகீனாவுக்குத் தெரிந்த பெயர்.

இடம் கிடைத்தபோது ஏப்ரல். முதல் நாள் அவளே அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். கூடத்தில் லொங்கீனாவின் அப்பா தன் கையால் சூப் குடித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் மேசையில் சிந்தியது, மீதி வாய்க்குப் போனது. அவளைப் பார்த்ததும், "வா ரெகீனா, உக்காரு" என்று வாய் நிறையக் கூப்பிட்டார்.

பயிற்சி தரும் பெண் ஸெனெக்கின் வலது கையை எடுத்துப் பார்த்தாள். விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். ஸெனெக் பல்லைக் கடித்தான். அவள் விட்டுவிட்டாள்.

"எப்ப வந்தது?"

"போன வருஷம் மார்ச்சுல," என்றாள் ரெகீனா.

"பதிமூணு மாசமா? போன ஜூன்லயே கூட்டிட்டு வந்திருந்தா இந்த விரலெல்லாம் திறந்திருக்கும்மா. இப்ப வலி இல்லாம பாத்துக்கலாம். அவ்வளவுதான் சொல்ல முடியும். ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

ரெகீனா வாய் திறந்தாள். சராசரி, அறுபது, அக்டோபர் என்று எல்லாம் தெரியும். விண்ணப்பத்தில் இருபது பக்கம் எழுதியவள்.

ஸெனெக்தான் பதில் சொன்னான். கோணிய வாயிலிருந்து மெதுவாக, ஆனால் தெளிவாக வந்தது.

"எங்க ஊருக்கே வருதுன்னு... நாங்க காத்திருந்தோம்."

நாங்கள் என்றான். அந்த ஒரு வருஷத்தில் ரெகீனா வித்தோல்த்தைக் கேட்டிருக்கிறாள், ஊர் என்ன சொல்லும் என்று தன்னையே கேட்டிருக்கிறாள். போகலாமா, இருக்கலாமா என்று அவனை ஒருநாளும் கேட்டதில்லை.