கட்டிப்போட்ட படகு

குழாய் ரிப்பேர் செய்பவளைக் குடியிருப்பில் எல்லோரும் ஸ்பேனரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கைக்கு ஸ்பேனர் உண்டு, வாய்க்குப் பூட்டு கிடையாது. புருஷன் விட்டுப்போன மறுநாளே அவனுடைய கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியவள். நயந்து பேச அவளுக்கு வரவே வராது. படகு கிளப்பின் செயலாளரிடம் மட்டும் ஒரு வருஷம் நயந்து பேசினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எல்லாம் மகளுக்காகத்தான். வசதியில்லாத பிள்ளைகளுக்குப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுத்தருகிறோம், காசே வேண்டாம் என்று கிளப் தம்பட்டம் அடித்தபோது, மகள்தான் முதல் ஆளாகப் போய் நின்றாள். வீட்டு ஜன்னலில் நின்று தண்ணீரில் போகும் படகுப் பாய்களைப் பார்த்தே வளர்ந்தவள். சனிக்கிழமை தவறாமல் போனாள். திரும்பும்போது கையெல்லாம் பெயின்ட், முழங்காலெல்லாம் சிராய்ப்பு.

"இன்னைக்காவது தண்ணில எறக்கினாங்களா?"

"இல்லம்மா, படகு தேய்ச்சோம். முதல்ல அடிப்படை கத்துக்கணுமாம்."

"ஓசியில வேலை வாங்க நல்ல அடிப்படைதான்."

செயலாளரிடம் நேரில் போய்க் கேட்டாள். அந்த மகானுபாவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "சும்மா கெடைக்குதுல்ல, பொறுமையா இருங்கம்மா. இந்த எடத்துக்கு எத்தனையோ பிள்ளைங்க காத்திருக்காங்க" என்றார். மகளின் இடம் பறிபோய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். அன்றைக்கு மாடிவீட்டுக் குழாய் ஒன்று அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது.

நன்கொடை கொடுத்தவர்கள் பார்வையிடும் நாள் வந்தது. பெற்றோரையும் அழைத்திருந்தார்கள், கைதட்ட ஆள் வேண்டுமே. பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி, பாய் ஏற்றிய படகில் உட்காரவைத்து, படகைத் துறையோடு சேர்த்துக் கட்டிப்போட்டுப் படம் பிடித்தார்கள். "ஒரு வருஷத்துல இவங்க தேர்ந்த படகோட்டிங்க ஆயிட்டாங்க" என்று செயலாளர் மைக்கில் அளந்தார். மகள் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஸ்பேனரக்காவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. குனிந்து, படகைக் கட்டியிருந்த கட்டையிலிருந்து கயிற்றைக் கழற்றினாள். படகு மெல்லத் துறையை விட்டு நகர்ந்தது.

செயலாளர் கையில் மைக் இருப்பதையே மறந்து அலறினார். "யோவ், புடிங்கய்யா! அதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது! ஒருநாள்கூட ஓட்டினதில்ல!"

துறை முழுக்க அது கேட்டது. நன்கொடையாளர்கள் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"அப்போ ஒரு வருஷமா என்னத்தக் கத்துக்குடுத்தீங்க?" என்றாள் ஸ்பேனரக்கா. கயிற்றின் முனை அவள் மணிக்கட்டில் சுற்றிக் கிடந்தது. பெற்ற பிள்ளையைத் தண்ணீரில் தள்ளிவிட அவளுக்கென்ன பைத்தியமா?

நன்கொடையாளர்களில் ஓர் அம்மாள் நாற்காலியைத் துறையின் ஓரத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்ப கத்துக்குடுங்க, நாங்க பாக்கறோம்."

ஸ்பேனரக்கா கயிற்றை இழுத்துப் படகைத் துறையோரம் கொண்டுவர, வேறு வழியில்லாமல் கிளப் பயிற்சியாளர் அதில் ஏறி, மகளின் கையைப் பிடித்துச் சுக்கானில் வைத்தார்.

"இனிமே இந்த கேட்டுக்குள்ள நீங்க காலெடுத்து வைக்கக்கூடாது" என்று செயலாளர் உறுமினார்.

"வைக்கல. எனக்கு இங்க என்ன வேலை?" என்றபடி அவள் மணிக்கட்டிலிருந்து கயிற்றை அவிழ்த்துவிட்டாள். படகை ஓட்டிக்கொண்டு போன மகள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திமிரைப் பாரேன் என்று பெற்றவளுக்குப் பெருமை தாங்கவில்லை.