ஜெஸ்லின் கேட்காத சத்தம்

என் நாத்தனார் ஜெஸ்லினுக்கு முப்பத்திரண்டு வயது. ஓடுகிற எஞ்சின் பக்கத்தில் போனால் தலையை வலப்பக்கம் சாய்த்து வலது காதைக் கொடுப்பாள். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். "மூணாவது சிலிண்டர்ண்ணே" என்பாள். கோளாறு மூன்றாவதில்தான் இருக்கும். எங்கள் கடற்கரை ஊர் திரேஸ்புரத்தில் இதைப் பேசாத ஆள் இல்லை.

நான் அவள் அண்ணன் கிங்ஸ்டனின் மனைவி. எட்டாம் வகுப்போடு நின்றவள். கல்யாணமானதிலிருந்து எங்கள் படகு எஞ்சின் ஷெட்டில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது நான்தான். அவர் கையை நீட்டும்போதே எந்த நம்பர் என்று எனக்குத் தெரியும். ஐ.டி.ஐ. முடித்து வெளியூரில் வேலை பார்த்த ஜெஸ்லின், நாலு வருஷத்துக்கு முன்னால் ஷெட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து அந்தக் கை அவள் பக்கம் நீண்டது. சாப்பிடும்போதும் இரண்டு பேருக்கும் எஞ்சின் பேச்சுதான். நான் குழம்பு ஊற்றுவேன்.

அவளிடம் குறை கண்டுபிடிக்க முயன்றிருக்கிறேன். கிடைக்கவில்லை. காலைப் பூசை முடிந்து வந்ததும் அண்ணனின் பழைய சட்டையை மாட்டிக்கொள்வாள். நகத்திலிருந்து கிரீஸ் போகாது. கல்யாணப் பேச்சை எடுத்தால், "எஞ்சின் தெரிஞ்ச மாப்பிள்ளையா பாருங்க மைனி. இல்லேன்னா ராத்திரி பூரா அந்த மனுசன்கிட்ட நான் என்னத்தப் பேச" என்பாள். எனக்குத் தலைவலி என்றால் கேட்காமலே மாத்திரை வாங்கி வருவாள். அதுவும் எனக்குப் பிடிக்காது.

போன மார்ச்சில் நாசரேத்திலிருந்து ஜெபசீலன் சார் வந்தார். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். அதன் வயிற்றுக்குள் ஒரு பெட்ரோல் எஞ்சின், என்னைவிட வயதானது. எங்கள் கடற்கரையில் டீசல் எஞ்சின் தெரியும், வெளியே மாட்டுகிற மோட்டார் தெரியும். இது புதுசு.

முதலில் பெயிண்ட் வேலை நடந்தது. எங்கள் ஊரில் பெயிண்ட் அடிக்குமுன் படகைத் தடவிப் பார்த்து, விரல்நுனி போகிற ஓட்டை எதுவானாலும் மக்குப் பசை வைத்து அடைத்துவிடுவார்கள். ஓட்டை என்றால் தண்ணீர் வரும் வழி, அவ்வளவுதான். இந்தப் படகில் பின்பக்கம், விளிம்புக்குக் கீழே, சுண்டுவிரல் அளவில் ஒரு ஓட்டை இருந்தது. "இவ்வளவு செலவழிச்சு வாங்கி, ஓட்டைய விட்டு வச்சிருக்காவ பாரு" என்றபடி பெயிண்டர் சுடலைராஜ் அதை அடைத்தார், தேய்த்தார், மேலே வெள்ளை அடித்தார். டீ கொண்டுபோன நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

படகு தண்ணீரில் இறங்கியது. எஞ்சின் இருபது நிமிஷம் நன்றாக ஓடியது. பிறகு திணறி நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் திருகினால் ஓடியது. மறுபடி இருபது நிமிஷம்.

"காயில் சூடாகுது" என்றாள் ஜெஸ்லின். காயில் சூடேறினால் தீப்பொறி நின்றுவிடும், ஆறினால் திரும்ப வரும் என்பது அவள் கணக்கு. புதுக் காயில் போட்டாள். பிளக் மாற்றினாள். கார்பரேட்டரைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்தாள். பாயிண்ட் இடைவெளியைத் தகடு வைத்து அளந்து பூட்டினாள். அதன் பிறகு எஞ்சின்மேல் தம்ளரில் தண்ணீர் வைத்தால் சிந்தாது, அப்படி ஓடியது. இருபதாவது நிமிஷம் நின்றது.

ஜெபசீலன் சார் பொறுமையானவர்தான். "சனிக்கிழமை வரைக்கும் பாரும்மா. முடியலைன்னா கொச்சிலேருந்து ஆள் வரச் சொல்லுதேன்" என்றார்.

அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் அவளிடம், "ஏளா, சனிக்கிழமைக்குள்ள இது ஓடிட்டுன்னா ஷெட் போர்டுல உன் பேரையும் எழுதிருவோம்" என்றார். நான் சோற்றுப் பானையை மூடினேன்.

புதன்கிழமை எஞ்சின் நின்றபோது நான் டேங்க் மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜெஸ்லின் கீழே எஞ்சினோடு இருந்தாள். வழக்கம்போல என் வீட்டுக்காரர் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்து, "பெட்ரோல் கெடக்குளா" என்று மூடினார். திறந்தபோது உஸ் என்று ஒரு சத்தம். டேங்க் மூச்சை உள்ளே இழுத்தது. இருபது வருஷம் டீசல் எஞ்சினோடு கிடந்த அவர் காதில் அது விழவில்லை. ஜெஸ்லின் இருந்த இடத்துக்கு எட்டவில்லை.

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் முக்கி முக்கி வந்து நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொன்று போட்டால்தான் ஒழுங்காக இறங்கும். அடுப்படியில் நிற்கிற யாருக்கும் தெரியும். டேங்கிலிருந்து ஒரு சின்னக் குழாய் பின்பக்க விளிம்புக்குத்தான் போகிறது; சுடலைராஜ் அடைத்தது அந்த இரண்டாவது ஓட்டை. ஒவ்வொரு தடவையும் எஞ்சினை எழுப்பியது காயில் ஆறியதல்ல, மூடியைத் திறந்ததுதான்.

நான் சொல்லவில்லை. வியாழன் சொல்லவில்லை. வெள்ளி, அவள் சாப்பிடாமல் எழுந்து போனாள். அப்போதும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருப்பது நன்றாக இருந்தது.

சனிக்கிழமை காலை என் வீட்டுக்காரர் கரையில் சாரிடம் பேசிக்கொண்டிருந்தார். படகில் நாங்கள் இரண்டு பேர்தான். ஜெஸ்லின் கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"மைனி, நீங்க எதையும் பேச மாட்டீங்க, ஆனா எல்லாத்தையும் பாப்பீங்க. இந்தப் படகு வந்ததுலேருந்து என்ன பாத்தீங்க?"

அந்த ஷெட்டில் இதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நான் விளிம்புக்கு வெளியே கையை விட்டுத் தடவிக் காட்டினேன். "இங்கன ஒரு ஓட்டை இருந்துச்சு. சுடலைராஜ் அடைச்சாரு. மூடியத் தொறந்தா டேங்கு காத்த இழுக்கு."

அவள் குப்புறப் படுத்து, ஸ்குரு டிரைவரால் மக்கைக் குடைந்து எடுத்தாள். எஞ்சினை ஓட்டினோம். இருபது நிமிஷம் கடந்தது. முக்கால் மணி நேரம் கடந்தது.

"எப்பத் தெரிஞ்சுது மைனி?"

"புதன்கிழமை."

என்னையே பார்த்தாள். "மூணு நாளு" என்றாள். பிறகு சிரித்தாள். "நானா இருந்தா கொச்சிக்காரன் வந்து தோத்துப் போற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்."

கரைக்கு வந்ததும் முதல் வேலையாக, "மைனிதான் கண்டுபிடிச்சாவ சார்" என்றாள். சார் என்னைப் பார்த்து, "அப்படியா, நல்லது" என்றார். உடனே அவள் பக்கம் திரும்பி டைமிங் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கேட்க ஆரம்பித்தார். நான் மறைத்த அந்த மூன்று நாளை அவள் யாரிடமும் சொல்லவில்லை, இன்று வரை.

போர்டில் இப்போது இரண்டு பெயர் இருக்கிறது. கிங்ஸ்டன், ஜெஸ்லின். தினமும் அதன் கீழே பெருக்கும்போது வாசிக்கிறேன், இரண்டாவது பெயரில் துடைப்பம் நின்றுவிடுகிறது. உள்ளே புதுப் படகு வேலை வந்தால் அவள் ஸ்பேனரைத் தொடுமுன் என்னைக் கூப்பிடுகிறாள். "மைனி, வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போங்க."

துடைப்பத்தைச் சாத்திவிட்டு, உடனே போகாமல், இன்னொரு தடவை அவளைக் கூப்பிட விட்டுத்தான் போகிறேன்.