தேக்குக் கதவும் பெற்றோல் இஞ்சினும்

எங்கள் வாப்பாவுக்குச் சொந்தம் என்று சொல்ல இந்த உலகத்தில் இருந்தது ஒரு பழைய மொரிஸ் கார் மட்டும்தான். அதுவும் ஓடாது.

வீடு உம்மாவுடையது. எங்கள் பக்கத்தில் வீடு என்பது பெண்பிள்ளைக்குக் கொடுப்பது. ஆண் கலியாணம் முடித்து, உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவான். வாப்பா அப்படிச் சாய்ந்தமருதுக்கு வந்தபோது தன் வாப்பா ஓட்டிய காரையும் கூடவே கொண்டுவந்தார். அதன் அசல் இஞ்சினை யாரோ எப்போதோ கழற்றிவிட்டு ஜப்பான் வேன் ஒன்றின் டீசல் இஞ்சினைப் பொருத்தியிருந்தார்கள். அதுவும் மூச்சை விட்டபிறகு, கார் கிணற்றடி முருங்கையின் கீழ் தறப்பாள் போர்த்திக் கிடந்தது. உம்மா அதன் மேல் மிளகாய் காயப் போடுவார். வாப்பா கண்டும் காணாததுபோல் போவார்.

நான் ஐந்தாம் ஆண்டு படித்த காலம். அறுகம்பேக்குப் போய்த் திரும்பிய கொழும்பு மனிதர் ஒருவர் எங்கள் தெருவுக்குள் வழி தவறி வந்து காரைக் கண்டுவிட்டார். தறப்பாளைத் தூக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதுக்குரிய பெற்றோல் இஞ்சினைத் தேடிப் போட்டால் நானே வாங்குவேன்" என்று சொல்லி, தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போனார், வாப்பாவுக்குப் பித்துப் பிடித்தது. பார்க்காத பழைய இரும்புக் கடை இல்லை. டீசல் மலிவாக இருந்த காலத்தில் ஊர் முழுக்க அந்த இஞ்சின்களைக் கழற்றி எறிந்திருந்ததால், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கடைசியில் சாகாமம் போகிற வழியில் பழைய வாகனச் சாமான் விற்கிற ஒரு யாட்டில் அகப்பட்டது.

மோட்டார் சைக்கிளில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். யாட்காரரை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள். சாக்கை விலக்கி இஞ்சினைக் காட்டினார். புதிதாகப் பச்சைப் பெயின்ற் அடித்து மினுங்கியது.

"மலநாட்டுத் தோட்டத்து வெள்ளக்காரத் தொரட கார்ல இருந்தது. கனகாலம் ஓடாததால இறுகிக் கிடக்கு, எண்ணெய் விட்டா இளகும். இப்பிடி ஒண்டு இனி எங்கயும் எடுக்கேலா" என்றார்.

வாப்பா அதன் மேல் கையை வைத்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல வைத்தார்.

"என்ன தரச் சொல்றீங்க ஹாஜியார்?"

"சல்லி வேணாம். எனக்கும் பொம்புளப் புள்ளயள் இரிக்கி. உங்கட மூத்த மகள்ட ஊட்டுக்குத் தேக்கில கதவும் ஜன்னலும் செஞ்சி வெச்சிரிக்கீங்களாம். அதத் தாங்க, இதக் கொண்டு போங்க."

அந்தக் கதவுகள் எங்கள் வீட்டு மண்டபத்தில் பெட்சீற் போர்த்திச் சாத்தியிருந்தன. பின்வளவில் மூத்தவளான ராத்தாவுக்கென்று கட்டிய வீட்டில் சுவர் எழும்பிக் கூரையும் போட்டாயிற்று. உம்மா தன் வயல் நெல்லை ஒவ்வொரு போகமும் விற்று விற்றுக் கட்டிய வீடு அது. கதவு ஜன்னல் பூட்டுவது மட்டும்தான் பாக்கி. நிந்தவூரில் ஒரு வாத்தியாரை ராத்தாவுக்குப் பேசியிருந்தார்கள். நோன்புப் பெருநாள் கழிந்து மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு.

"கார் வித்தா கதவு என்ன, மேல்மாடியே கட்டலாம்" என்றார் வாப்பா.

"கதவில்லாத ஊட்ட மாப்புளட உம்மாக்கு என்னெண்டு காட்டுற?" என்றார் உம்மா.

நாள்கணக்காக இதே கதைதான். உம்மா நினைத்திருந்தால் ஒரே சொல்லில் முடித்திருக்கலாம், ஏனென்றால் கதவுகள் அவருடைய நெல்லில் வந்தவை. ஆனால் அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "நான் வேணாமெண்டா மவுத்தாகுமட்டும் அதையே சொல்லிச் சொல்லிக் காட்டுவீங்க. இஸ்திகாரா தொழுது பாப்பம்" என்றார்.

ஒரு காரியத்தில் மனம் இரண்டுபட்டால், இரண்டு ரக்அத் தொழுது, எது நல்லதோ அதைக் காட்டு என்று அல்லாஹ்விடம் கேட்டுவிட்டுப் படுப்பது எங்கள் வழக்கம். வெள்ளையோ பச்சையோ தெளிந்த தண்ணீரோ கனவில் வந்தால் செய்யலாம். கறுப்பும் சிவப்பும் வந்தால் விட்டுவிட வேண்டும்.

யார் தொழுவது என்பது அடுத்த பிரச்சினை. "நான் தொழுதா இஞ்சின்தான் கனவுல வரும்" என்று வாப்பா நழுவினார். அதிலே மட்டும் அவர் நேர்மையாக இருந்தார். உம்மா, தனக்குக் கதவுதான் வரும் என்றார். அல்லாஹ்வின் காரியத்தில் இரண்டு பேருக்கும் அப்படியொரு பேணுதல்! கடைசியில், கதவுக்குரியவள் தொழட்டும் என்று முடிவாயிற்று.

"மகள், நீ தொழுதுட்டுப் படும்மா. அல்லாஹ் காட்டுறதச் சொல்லு. நான் கட்டுப்படுறன்" என்றார் வாப்பா. ராத்தா "ஓம் வாப்பா" என்றாள்.

நானும் ராத்தாவும் ஒரே அறையில்தான் படுப்போம். அன்று நான் என் புத்தகப் பையை அவள் தலையணையில் போட்டுவிட்டு முதலிலேயே தூங்கிப்போனேன். சுபஹுத் தொழுகைக்கு உம்மா எழுப்பியபோது பை போட்ட இடத்திலேயே கிடந்தது. பெட்சீற் மடித்தபடி இருந்தது. ராத்தா தொழுகைப் பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெரியவர்களுக்கு உட்கார்ந்தபடியும் கனவு வரும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

வாப்பா கதவடியில் வந்து நின்றார். கேட்கக்கூட இல்லை, முகத்தை மட்டும் பார்த்தார்.

"தெளிஞ்ச தண்ணி கண்டன் வாப்பா. பச்சப் பசேலெண்ட வயலுக்குள்ளால ஓடிச்சி. இஞ்சின வாங்குங்க."

வாப்பா "அல்ஹம்துலில்லாஹ்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். உம்மா ராத்தாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போய்விட்டார்.

கதவுகள் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போயின. அதே லேண்ட்மாஸ்டரில் இஞ்சின் வந்து இறங்கியது. ஹாஜியாரின் யாட்டில் வைத்தே ஒரு மூடியைக் கழற்றிப் பார்த்திருக்கலாம். ஆனால் கனவு நல்லதாக வந்தபிறகு கழற்றிப் பார்ப்பது அல்லாஹ்வையே சந்தேகப்படுவதாகும் என்று வாப்பா நினைத்தார். கனவைப் பற்றி ஹாஜியாரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, அக்கம்பக்கத்தார் சூழ்ந்து நிற்க, முருங்கையடியில் வாப்பா இஞ்சினைத் திறந்தார். எண்ணெய் இருக்க வேண்டிய இடத்திலிருந்து கறுத்த பொடி மண் பொலபொலவென்று கொட்டியது. அந்த மண்ணை எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை. சுனாமி வந்த வருஷம் நாங்கள் எல்லோரும் வீடுகளிலிருந்தும் அடுப்புகளிலிருந்தும் அள்ளிக் கொட்டிய மண்தான் அது. மலைநாட்டைக் காணாத இஞ்சின் அது. கடல் விழுங்கித் துப்பியது. பெயின்றுக்குள்ளே உப்பு எல்லாவற்றையும் தின்று முடித்திருந்தது.

வாப்பா திருப்பிக் கொடுக்கப் போனார். ஹாஜியார் இருந்த இடத்தை விட்டு எழும்பவும் இல்லையாம். "நீங்க கனவு கண்டுதானே வாங்கினீங்க? நானா வாங்கச் சொன்ன? உங்கட தலயெழுத்து, நஸீபெண்டு எண்ணிக்கங்க" என்றாராம்.

பெருநாள் கழிந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கதவிருக்க வேண்டிய இடத்தில் உம்மா புதுச் சீலை தொங்கவிட்டிருந்தார். காற்றுக்கு அது மேலே பறந்து பறந்து நின்றது. வட்டிலப்பம் சாப்பிட்டார்கள், நல்ல வார்த்தை பேசினார்கள், போனார்கள். வாத்தியார் அந்த வருஷமே வேறு வீட்டில் கலியாணம் முடித்தார். ராத்தாவுக்குப் பல வருஷம் கழித்து, மனைவியை இழந்த ஒருவர் மாப்பிள்ளையாக வந்தார். தகரக் கதவு போட்ட வீடே அவருக்குப் போதுமாக இருந்தது. ராத்தாவைவிட அவருடைய மூத்த மகன் கொஞ்சம்தான் இளையவன்.

போன பெருநாளன்றும் வாப்பா என் கணவரிடம் இந்தக் கதையைச் சொன்னார். எப்போதும்போலத்தான், ராத்தாவைக் காட்டி முடித்தார்: "என்ன செய்ற மகன், இவள்ட கனவ நம்பித்தானே வாங்கின." ராத்தா சிரித்துக்கொண்டே வாப்பாவுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். உம்மா அன்று பார்த்ததுபோலவே அவளைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

அல்லாஹ்விடம் கேட்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, வீட்டில் வாப்பாவிடம் இல்லை என்று சொல்லத் தெரியாத ஒருத்தியிடம்தான் இரண்டு பேரும் கேட்டிருக்கிறார்கள். ஒரு பொட்டுத் தூக்கமில்லாமல் அவள் அதற்குப் பதில் தேடியிருக்கிறாள். நானோ, எனக்கு மட்டும் ஏன் அப்படி நல்ல கனவு வருவதில்லை என்று அன்று முழுக்க அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.