ஜும்ஆ நேரத்து ஜெனூபா

வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகாலுக்குக் கல்முனைக் கடைத்தெருவின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும்போது, ஜெனூபா மடிகணினியைத் திறக்கிறாள். ஆண்களெல்லாம் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார்கள். ஊர் ஒரு மணித்தியாலம் வேலையை மறந்திருக்கும். கணினி வலையமைப்பில் கைவைக்க இதைவிட நல்ல நேரம் இல்லை என்பது அவள் கண்ட உண்மை. "இது நம்மட ஊருக்கு அல்லாஹ் தந்த நேரம்" என்பாள்.

வயது முப்பத்தாறு. ஊர் சாய்ந்தமருது. அபாயாவுக்குக் கீழே ஏணியில் வழுக்காத றப்பர் சப்பாத்து. கைப்பையில் ஸ்குரூ டிரைவர் இருக்கும், நீல வயர் இருக்கும், சீப்பு மட்டும் இருக்காது. கணினிகளை இணைக்கும் சுவிட்ச் பெட்டிகளோடு கதைக்கிற பழக்கமும் உண்டு. விளக்கு மினுங்கச் சுணங்கினால், "என்ன மனே, பசிக்கா?" என்று விசாரிப்பாள்.

என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு வயலை வைத்தே விளக்குவாள். இறக்காமத்தில் நெல் செய்யும் கணவன் மசூருக்கு விளங்கவைத்த வழி அது. "ஒரு ஆஸ்பத்திரில மாடிக்கு மாடி போறது ஒரே வயர். வாய்க்கால் எண்டு வையுங்களன். லாப், மருந்துக்கட, கவுண்டர், எல்லார்ட தண்ணியும் அதுக்குள்ளதான் ஓடும். ஆனா ஒண்டோட ஒண்டு கலக்கப்படாது. ஒவ்வொண்டுக்கும் ஒரு நம்பர் இரிக்கி. எந்த நம்பர உள்ளுக்கு விடுற எண்டு ரெண்டு பக்கத்துச் சுவிட்சிலயும் நாமதான் எழுதி வெக்கணும்." அந்தப் பொது வயருக்கு டிரங் என்று பெயர். ஒரு நம்பர் விடுபட்டால் அந்த வயலுக்குத் தண்ணீர் இல்லை.

அதனால் வேலை முடிந்தாலும் முடிந்தது என்று சொல்லமாட்டாள். ஒவ்வொரு பிரிவுக்கும் போன் எடுப்பாள். அந்த நேரத்தில் மேசைகளில் இருப்பவர்கள் பெண்கள். "வேல செய்யிதா புள்ள?" "ஓம் ராத்தா." அந்த ஓம் எல்லாரிடமும் கிடைத்தால்தான் செய்த மாற்றத்தைச் சேவ் பண்ணுவாள். கொழும்புப் பொறியியலாளர்கள் இதைக் கேட்டுச் சிரித்ததுண்டு. சிரிக்கட்டும். ஆறு வருடமாக அவள் கைபட்ட ஒரு கட்டடமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் படுத்ததில்லை என்று பெயர் எடுத்தவள்.

போன வெள்ளிக்கிழமைதான் அந்தப் பெயருக்குக் கண்டம் வந்தது. இடம், மூன்று மாடித் தனியார் வைத்தியசாலை ஒன்று. அவளுடைய வருட ஒப்பந்தம் இந்தக் கிழமை புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்குக் கொழும்புக் கொம்பனியொன்றும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. மேல்மாடியில் புதிய ஸ்கேன் அறைக்காக ஒரு புதுச் சுவிட்ச் பூட்டி, அந்த மாடியின் வயர்களையெல்லாம் அதற்கு மாற்றினாள். எந்தெந்த நம்பரை விடுவது என்று ஒரு கலியாணக் கார்ட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள். கீழே வந்து உட்கார்ந்து, அதைப் பார்த்தே பட்டியலை அடித்தாள். கார்ட் பழையது. லாப் மேல்மாடிக்கு மாறுவதற்கு முன் எழுதியது; அதில் லாப்பின் நம்பர் இல்லை.

மருந்துக்கடை ஓம் என்றது. கவுண்டர் ஓம் என்றது. லாப் போன் மணியே அடிக்கவில்லை. அந்தப் போனும் அதே வயரில்தான் ஓடுகிறது. ஜெனூபா படிகளில் ஓடி ஏறினாள். லாப்பில் தனியே இருந்த ஸப்னா, வேலைக்கு வந்து இரண்டு மாதமே ஆன பிள்ளை, திரையைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தாள். சத்திரசிகிச்சைக்குத் தயாராகக் கிடந்த சபியா உம்மாவின் இரத்த றிப்போட்டு டொக்டருக்குப் போகவில்லை.

ஜெனூபா முதலில் சுவிட்சைத் தொடவில்லை. றிப்போட்டைக் கையால் எழுதித் தரச் சொல்லி, தானே கொண்டுபோய் டொக்டரின் கையில் கொடுத்தாள். அதன் பிறகே உட்கார்ந்து விடுபட்ட நம்பரைச் சேர்த்தாள். லாப் படுத்தது மொத்தம் பதினான்கு நிமிடம்.

ஜும்ஆ முடிந்து தொப்பியோடு வந்த முகாமையாளர் மிஹ்லார், லாப் போனை யாரும் எடுக்கவில்லை என்று டொக்டர் சொன்னதைக் கேட்டு நேரே லாப்புக்கு ஏறினார். "போன ஏன் எடுக்கல்ல? என்ன, நித்திரயா?" அவர் முறைப்பாட்டுக் கொப்பியைத் திறந்து, 'லாப் ஊழியரின் கவனயீனம்' என்று எழுதிவிட்டார்.

பின்னாலேயே வந்துவிட்ட ஜெனூபா, "அவவ ஏசாதீங்க காக்கா. பிழை என்ட" என்றாள்.

மிஹ்லார் குரலைத் தாழ்த்தினார். கெட்ட மனிதர் அல்ல. ஜெனூபாவின் வேலை பிடித்தவர். "சும்மா இரிங்க. புதன்கிழம ஒப்பந்தக் கூட்டத்துல இந்தக் கொப்பியத்தான் பாப்பாங்க. உங்கட பேர் இரிந்தா கொழும்பாக்கள்தான் வருவாங்க. இந்தப் புள்ளைக்கு ஒரு ஏச்சோட போயிரும்."

அந்த ஒப்பந்தம் அவளுக்கு வேண்டும். நன்றாகவே வேண்டும். ஆனாலும் கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, அவர் எழுதிய வரியை வெட்டினாள். 'டிரங்கில் லாப் நம்பரைச் சேர்க்காமல் விட்டது நான். பதினான்கு நிமிடம்' என்று எழுதி, கீழே முழுப்பெயரில் ஒப்பமிட்டு, மை காய ஊதி, கொப்பியை முகாமையாளரிடம் கொடுக்காமல், வாசிக்கச் சொல்லி ஸப்னாவின் கையில் வைத்தாள்.